வன்னியிலிருந்து வெளியாருக்கு எழுதுவது: புதிதாகத் தொடங்குவோருக்கு

மாதர் சங்கச் செயலாளராகி, முதல் தடவையாக நோர்வேக்கு மின்னஞ்சல் எழுதப் போகிற அக்கா. கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தில் கள அறிக்கை எழுதச் சேர்ந்த தம்பி. ஒடியல் மாவும் பனங்கட்டியும் வாங்க வெளிநாட்டில் ஆள் தேடுகிற தங்கச்சி. வீட்டுக்கு வருகிற தாய்மாருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிற வாசிகசாலைப் பிள்ளை. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலமோ சிங்களமோ கற்பிக்கும் கட்டுரை அல்ல. இலக்கணம் பிழைத்தாலும் விளங்குகிற கடிதங்கள் உண்டு. இலக்கணம் எல்லாம் சரியாக இருந்தும், வாசித்தவர் "இவர்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிற கடிதங்களும் உண்டு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கடிதம் எழுதிக் கொடுக்கிற இடங்களில் நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டாவது வகையைத்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் இருக்கிற நாங்கள் ஒரே போர்க் காலத்துக்குள்ளால் சேர்ந்து வந்தவர்கள். "அண்டைக்கு", "பாலத்துக்கு அங்கால", "அவங்கள்" என்று சொன்னாலே இங்கே போதும், எவருக்கும் நாளும் இடமும் ஆளும் விளங்கிவிடும். ஒஸ்லோவில் இருப்பவருக்கோ கொழும்பில் இருப்பவருக்கோ அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நமக்குள் சொல்லாமலே விளங்குவதை அவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் செய்வதற்கான வழிகள்தான்.

படி 1: கேட்பதை முதலில் எழுதுங்கள்

நம் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "எல்லாம் வல்ல இறைவன் அருளால் தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமுடன் வாழப் பிரார்த்திக்கின்றோம். எமது கிராமமானது கடந்த கால யுத்தத்தினால் மிகவும் பாதிக்கப்பட்டு..." இரண்டு பக்கம் போன பிறகு, கடைசிப் பந்தியில் "ஆகவே எமது பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி ஒன்றைப் பெற்றுத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றோம்" என்று வரும். எங்களிடையே இது மரியாதை. வந்த உடனே கேட்காமல் சுகம் விசாரித்து, நிலைமை சொல்லி, பிறகு கேட்பதுதான் முறை.

ஒரு நாளைக்கு நூறு மின்னஞ்சல் வாசிக்கிறவர் இரண்டாம் பக்கத்துக்கு வரமாட்டார். மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை, ஒரு வரியில் வையுங்கள். அடுத்த வரியில் விஷயம் வரட்டும்:

"வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். எங்கள் பாடசாலையில் 140 பிள்ளைகள் படிக்கிறார்கள். குடிநீருக்காக 2,000 லீற்றர் தாங்கி ஒன்றுக்கு உதவி கேட்டு இதை எழுதுகிறோம். பொருத்துகூலியோடு செலவு 85,000 இலங்கை ரூபாய். உங்களால் முடியுமா என்பதை 2025 ஜூன் 30 ஆம் திகதிக்கு முன் அறிந்தால், ஓகஸ்ட் வரட்சிக்கு முதல் வேலையை முடிக்கலாம்."

தொகையும் திகதியும் இங்கே உதாரணத்துக்கு. யார், என்ன, எவ்வளவு, எப்போதைக்கு என்ற நான்கும் ஐந்து வரிக்குள் வந்துவிட்டதைப் பாருங்கள். கிராமத்தின் கதை இதற்குக் கீழே வரலாம், வரவும் வேண்டும். விஷயம் தெரிந்த பிறகு வாசிக்கிறவர் அந்தக் கதையை ஆறுதலாக வாசிப்பார். மின்னஞ்சலின் தலைப்பு வரியில் "உதவி கோரல்" என்று மட்டும் போடாமல், பாடசாலையின் பெயர், ஊர், "தண்ணீர்த் தாங்கி" மூன்றையும் போடுங்கள். ஒரு மடலில் ஒரு விஷயம். தாங்கியும் வேலியும் கணினியும் வேண்டும் என்றால், எது முதல் என்று சொல்லுங்கள்.

படி 2: காலத்தை வருடமாக மாற்றுங்கள்

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் எழுத்து வெளியாருக்கு விளங்காமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். நாங்கள் வருடங்களை நிகழ்வுகளால் எண்ணுகிற ஆட்கள். "சமாதான காலத்தில் கட்டின வீடு" என்றால் இங்கே ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுத்தில் அது "2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு" என்று வர வேண்டும். "சுனாமிக்குப் பிறகு" என்றால் 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு. "ஜெயசிக்குறு நேரம்" என்றால் 1997 மே மாதம் இலங்கை இராணுவம் வன்னியில் தொடங்கிய படை நடவடிக்கையின் காலம். "முகாமில் இருக்கேக்க" என்றால் 2009 இலிருந்து, செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாம் மூடப்பட்ட 2012 செப்டெம்பர் வரைக்குள் எந்தக் காலம் என்று சொல்ல வேண்டும்.

"இடம்பெயர்வு" என்று தனியே எழுதாதீர்கள். ஒரு குடும்பம் பத்துத் தடவை இடம்பெயர்ந்திருக்கும். எந்த வருடம், எங்கிருந்து எங்கே என்று சேர்த்து எழுதுங்கள். "மீள்குடியேற்றம்" என்பதும் அப்படித்தான்: ஓர் ஊருக்கு 2010 இல் நடந்தது, இன்னோர் ஊருக்குப் பல வருடம் கழித்து நடந்தது.

மாதப் பெயரிலும் கவனம் வேண்டும். நாங்கள் மாசி என்றால் பெப்ரவரி, பங்குனி என்றால் மார்ச், ஐப்பசி என்றால் ஒக்டோபர் என்று எழுதிப் பழகியவர்கள். தமிழ்நாட்டில் மாசி என்பது பெப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் நடுவில் முடிகிற மாதம். மாசி 20 இல் கூட்டம் என்று நீங்கள் சென்னையில் உள்ள ஒருவருக்கு எழுதினால், அவர் அதை மார்ச் முதல் வாரம் என்று எடுக்கலாம். தமிழருக்குள்ளேயே எழுதும்போதும் எல்லை தாண்டினால் பெப்ரவரி என்றே எழுதுங்கள்.

இலக்கத்தில் மட்டும் திகதி போடுவதை நிறுத்துங்கள். 03/04/2025 என்றால் இங்கும் பிரித்தானியாவிலும் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. கனடாவில் இரண்டு வழக்கும் உண்டு. மாதத்தை எழுத்தில் எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. "வாற வெள்ளி" என்றும் எழுத வேண்டாம். வெள்ளி, 2025 ஏப்ரல் 11 என்று எழுதுங்கள்.

சூம் கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது "இலங்கை நேரம்" என்று போட்டு, அவர்களுடைய நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். இலங்கையில் மணிக்கூட்டை மாற்றுவதில்லை, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பாலும் வருடத்தில் இரண்டு தடவை மாற்றுகிறார்கள். ஆகவே லண்டன் நம்மைவிட குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் கோடையில் நாலரை மணித்தியாலமும் பின்னால். ரொறன்ரோ பத்தரை, கோடையில் ஒன்பதரை. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றும். வட அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். மார்ச்சிலும் ஒக்டோபர் கடைசியிலும் கூட்டம் வைத்தால் ஒருமுறை சரிபாருங்கள்.

நோர்வேக்காரர் ஜூலையிலும் பிரெஞ்சுக்காரர் ஓகஸ்டிலும் விடுமுறையில் போவார்கள். யப்பானில் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் அலுவலகங்கள் அநேகமாகப் பூட்டியிருக்கும். கட்டார், சவூதி, குவைத்தில் வெள்ளியும் சனியும் ஓய்வு நாள். எங்கள் சித்திரை வருடப்பிறப்பும் பௌர்ணமி விடுமுறையும் அவர்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

படி 3: இடமும் ஆளும்

ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் வன்னியில் உண்டு. மாவட்டமும் பிரதான வீதியும் சேர்த்துச் சொன்னால் வெளியார் வரைபடத்தில் கண்டுபிடிப்பார்கள்: "கிளிநொச்சி மாவட்டம், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியில் தருமபுரம்." ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்துக்கூட்டலைத் தெரிவுசெய்து கடைசிவரை அதையே பாவியுங்கள். புதுக்குடியிருப்பை ஒரே அறிக்கையில் மூன்று விதமாக எழுதினால், வாசிக்கிறவர் மூன்று ஊர் என்று நினைப்பார்.

கள அறிக்கை எழுதும் தம்பிமார் "பக்கத்தில்", "கிட்ட", "கொஞ்சம் தள்ளி" என்ற சொற்களை அடியோடு விட வேண்டும். கிணற்றிலிருந்து வடக்கே 12 மீற்றர் என்று எழுதுங்கள். கண்ணிவெடி விஷயத்தில் அந்த வரியை நம்பி இன்னொருவர் கால் வைப்பார்.

அடுத்தது பெயர். தகப்பன் இராசையா, மகன் குமரன் என்று வையுங்கள். நாங்கள் இ. குமரன் என்று எழுதுவோம். வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும், ஒருவர் இராசையா என்று போடுவார், இன்னொருவர் குமரன் என்று போடுவார், அடுத்த மடல் "அன்புள்ள திரு. இராசையா" என்று வரும், தகப்பன் காலமாகிப் பல வருடமாகியிருக்கும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் போட்டு, "என்னைக் குமரன் என்று அழைக்கலாம்" என்று ஒரு வரி சேருங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சந்தேகமாகப் படும்.

அவர்களை எப்படி அழைப்பது? நோர்வே, சுவீடன், நெதர்லாந்துக்காரரை முதற்பெயரால் அழைத்தால் குறைவில்லை, அங்கே அதுதான் வழக்கம். ஜேர்மன்காரருக்கு முதல் மடலில் குடும்பப் பெயரும் பட்டமும் வேண்டும். யப்பானியருக்குக் குடும்பப் பெயரோடு "சான்" சேர்ப்பார்கள். தெரியாவிட்டால் அவர் தன் மடலின் கீழே எப்படிக் கையொப்பம் இட்டிருக்கிறார் என்று பாருங்கள், அதுவே வழிகாட்டும்.

உறவுமுறைச் சொற்கள் தனிக் கவனம் கேட்பவை. நாங்கள் கடைக்காரரையும் அண்ணா என்போம், அலுவலரையும் அண்ணா என்போம். "பணத்தை அண்ணா தந்தார்" என்று உதவி தந்த நிறுவனத்துக்கு எழுதினால், சங்கத்தின் பணம் குடும்பத்துக்குள் கைமாறுகிறது என்று அவர்கள் நினைக்க இடமுண்டு. ஆளின் பதவியை எழுதுங்கள்: "சங்கப் பொருளாளர் தந்தார்." "மாமா" என்றால் அம்மாவின் சகோதரரா, மாமனாரா என்பதைச் சொல்லுங்கள். கிராம அலுவலர், பிரதேச செயலாளர் என்ற பதவிகளையும் முதல் தடவை ஒரு வரியில் விளக்குங்கள். கிராம அலுவலர் யார் என்று கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது.

படி 4: அளவும் பணமும்

லட்சம் என்பதை 100,000 என்றும் பத்து லட்சத்தை ஒரு மில்லியன் என்றும் எழுதுங்கள். ரூபாய் என்றால் இலங்கை ரூபாயா இந்திய ரூபாயா, டொலர் என்றால் எந்த நாட்டு டொலர் என்று போடுங்கள். ஜேர்மனியில் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு, 1,5 என்றால் ஒன்றரை. ஆகவே பெரிய தொகைகளை எழுத்திலும் எழுதினால் பாதுகாப்பு. ஏக்கரைச் சொல்லி, பக்கத்தில் ஹெக்டேயரும் போடுங்கள் (ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 2.47 ஏக்கர்). பரப்புக் கணக்கு யாழ்ப்பாணத்துக்கு வெளியே விளங்காது, 16 பரப்பு ஓர் ஏக்கர். மூடை என்று நெல்லை எழுதாதீர்கள், இடத்துக்கு இடம் மூடையின் நிறை மாறும். கிலோவில் எழுதுங்கள். காலபோகம், சிறுபோகம் என்ற நெற்பயிர்ப் பருவச் சொற்களை வைத்துக்கொண்டு, விதைக்கிற மாதத்தையும் வெட்டுகிற மாதத்தையும் சேருங்கள். சிறுபோகம் இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்றும் ஒரு வரி சொன்னால், ஏன் ஒரு வருடம் விளைச்சல் கூடியும் இன்னொரு வருடம் குறைந்தும் இருக்கிறது என்று அவர்களுக்கு விளங்கும்.

பொருள் விற்கிறவர்களுக்கு: ஒடியல் மா என்றால் என்ன என்று கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்து அரைத்த மா, கூழுக்கும் பிட்டுக்கும் பாவிப்பது, இத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று மூன்று வரி எழுதி, ஒரு படமும் சேருங்கள்.

படி 5: "பார்ப்பம்" என்று எழுதாதீர்கள்

முகத்துக்கு நேரே "ஏலாது" என்று சொல்வது நம்மிடையே கடினம். "ஓம், பார்ப்பம்" என்போம். "கேட்டுச் சொல்லுறன்" என்போம். சொல்கிற தொனியிலேயே கேட்கிறவருக்கு விளங்கிவிடும், இது நடக்காது என்று. இருவரின் மரியாதையும் கெடாது. நல்ல வழக்கம்தான், நேரில் கதைக்கும்போது.

எழுத்தில் அந்தத் தொனி போகாது. "பெரும்பாலும் செய்யலாம், முயற்சிக்கிறோம்" என்று நீங்கள் எழுதினால் ஜேர்மன்காரரும் நெதர்லாந்துக்காரரும் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். திகதி வந்ததும் "ஏன் நடக்கவில்லை?" என்று மடல் வரும். அவர்களுக்கு நீங்கள் வாக்குத் தவறியவர். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். கூடவே காரணம் ஒன்று, மாற்று வழி ஒன்று: "ஜூன் 15 இல் பயிற்சி வைக்க முடியாது. அந்த வாரம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், பெண்கள் வரமாட்டார்கள். ஜூன் 24 இலிருந்து எந்த நாளும் சரி." பொங்கல் திகதி வருடத்துக்கு வருடம் மாறுவதால், உங்கள் வருடத்துக்குரிய திகதியைப் பார்த்து எழுதுங்கள். இப்படி எழுதினால் எவரும் கோபிக்கமாட்டார்கள். நான் கண்டவரை, தெளிவான மறுப்புக்குப் பிறகுதான் நம்பிக்கை கூடுகிறது.

எல்லா வெளியாரும் நேராகச் சொல்கிறவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். யப்பானியர் ஒருவர் "இது கொஞ்சம் கடினம்" என்று எழுதினால் அநேகமாக அது மறுப்பு. ஆங்கிலேயர் "இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்" என்று எழுதினால், செய்யுங்கள் என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் கேட்டுவிடுவது நல்லது: "நான் விளங்கிக்கொண்டது இது. சரியா?"

மறுபக்கத்தில், வணக்கமும் இல்லாமல் "அறிக்கை முழுமையாக இல்லை. நான்காம் பக்கத்தை அனுப்பவும்" என்று ஒரு வரி வரும். இங்கே புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இதைப் பார்த்து மனம் உடைந்து போவதைக் கண்டிருக்கிறேன். பல நாடுகளில் அது திட்டு அல்ல, நேரத்தை மதிக்கிற வழி. நான்காம் பக்கத்தை அனுப்புங்கள். நீண்ட மன்னிப்புக் கடிதம் வேண்டாம்.

மௌனமும் இப்படித்தான். மடல் கிடைத்தது, விஷயம் விளங்கிவிட்டது, செய்யத் தொடங்கிவிட்டோம் என்றால் நாங்கள் பதில் எழுதுவதில்லை. அங்கே இருப்பவர் தன் மடல் போய்ச் சேரவில்லை என்றோ நாங்கள் அக்கறைப்படவில்லை என்றோ நினைப்பார். "கிடைத்தது, நன்றி. புதன்கிழமைக்குள் விபரம் அனுப்புகிறேன்" என்று அன்றைக்கே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

படி 6: தாய்மாரின் கடிதத்தை எழுதும்போது

வன்னியில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் என்றைக்காவது ஒரு தாய் வருவார். மகனைத் தேடுகிறவர். ஜெனிவாவில் உள்ள ஐக்கிய நாடுகள் அலுவலகத்துக்கோ, 2016 இன் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கோ, வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றுக்கோ கடிதம் வேண்டும் என்பார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கிய தாய்மார் எத்தனை கடிதங்களுக்கு விரல் அடையாளமும் கையொப்பமும் வைத்திருப்பார்கள்! உங்கள் கையால் போகிற கடிதமாவது வாசிக்கிறவருக்கு முழுமையாக விளங்க வேண்டும்.

அவர் சொல்வது இப்படி இருக்கும்: "கடைசி அண்டைக்கு, பாலத்துக்கு அங்கால, பஸ்ஸில ஏத்தினவங்கள்." எங்களுக்கு இதில் எல்லாம் இருக்கிறது. ஜெனிவாவில் இருப்பவருக்கு நாள் இல்லை, இடம் இல்லை, யார் ஏற்றியது என்றும் இல்லை. ஐக்கிய நாடுகளின் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செயற்குழு 1980 இல் அமைக்கப்பட்டது. அது ஒரு முறைப்பாட்டை எடுப்பதற்கு ஆளின் முழுப் பெயர், காணாமல் போன நாள், மாதம், வருடம், கொண்டுசெல்லப்பட்ட அல்லது கடைசியாகக் காணப்பட்ட இடம், யார் கொண்டுசென்றதாக நம்பப்படுகிறது, தேடுவதற்குக் குடும்பம் என்னென்ன செய்தது என்ற விபரங்களைக் கேட்கிறது. ஆகவே அருகே இருந்து மெதுவாகக் கேளுங்கள். எந்த நாள்? காலையா மாலையா? எந்தப் பாலம்? கூட யார் நின்றது? ஆட்கள் என்ன உடுப்புப் போட்டிருந்தார்கள்? பிறகு எழுதுங்கள்: "2009 மே 18 ஆம் திகதி காலை, முல்லைத்தீவு மாவட்டத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து முல்லைத்தீவு நகரப் பக்கம் வந்தபோது, சீருடை அணிந்தவர்கள் என் மகனைப் பேருந்தில் ஏற்றினார்கள். நான் ஏறக்குறைய இருபது மீற்றர் தூரத்தில் நின்று கண்டேன்."

கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுவதுதான் இதில் முக்கியம். "ஏத்தினவங்களாம்" என்று அவர் சொன்னால், அந்த "ஆம்" இல் பெரிய விஷயம் இருக்கிறது: அவர் காணவில்லை, இன்னொருவர் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ஓர் எழுத்து காணாமல் போய், கேள்விப்பட்டது கண்டதாகிவிடும். பிறகு ஒரு விசாரணையில் "நீங்கள் நேரில் கண்டீர்களா?" என்று கேட்கும்போது தாய் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். "எனக்கு இன்ன ஆள் சொன்னார்" என்று எழுதுங்கள். அந்த ஆளின் பெயரை அவருடைய சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

நாள் அவருக்குச் சரியாக நினைவில்லை என்றால் நீங்கள் ஒரு நாளை நிரப்ப வேண்டாம். "மே 16 இற்கும் 18 இற்கும் இடையில்" என்று எழுதலாம். கடிதத்தை வலுவாக்குகிறோம் என்று அவர் சொல்லாத சொல்லை ஏற்றவும் வேண்டாம். அதே நேரம், அவருடைய குரலையும் முழுதாக அழித்துவிடாதீர்கள். விபரங்களை மேலே ஒழுங்காக எழுதி, கீழே "அவருடைய சொற்களில்" என்று தலைப்பிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி நாலு வரி வையுங்கள். எழுதி முடித்ததும் முழுவதையும் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் சரி என்ற பிறகே கையொப்பம். ஒரு பிரதி கட்டாயம் அவர் கையில் இருக்க வேண்டும். முன்பு யார் யாருக்கு எந்த நாளில் முறையிட்டார், இலக்கம் என்ன என்பதையும் அந்தப் பிரதியோடு குத்தி வையுங்கள். அடுத்த கடிதம் எழுதுகிறவருக்கு அது பெரிய உதவி.

படி 7: மொழிபெயர்ப்புக் கருவியைப் பாவிக்கும்போது

கூகுள் மொழிபெயர்ப்பைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கிற தமிழை முதலில் திருத்துங்கள். "வந்தவுடன் அனுப்பிவிடுகிறோம்" என்ற வசனத்தில் யார் வந்தவுடன், எதை, யாருக்கு என்று ஒன்றும் இல்லை. கருவி ஊகிக்கும், பிழையாக. "காசோலை எங்களுக்குக் கிடைத்த மறுநாள், நாங்கள் பற்றுச்சீட்டை உங்களுக்கு அனுப்புவோம்" என்று முழுதாக எழுதுங்கள். "அவர்" என்ற சொல்லைப் பல இடங்களில் ஆண் என்றே எடுத்துவிடும். கணவனை இழந்து குடும்பத்தை நடத்துகிற ஒரு பெண்ணைப் பற்றிய கடிதத்தில் அது பெரிய குழப்பம். பேச்சுத் தமிழும் பழமொழியும் கொடுக்காதீர்கள். வெளிவந்ததை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். பொருள் மாறியிருந்தால், உங்கள் மூல வசனத்தை இரண்டாக உடையுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்ப வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும், மொழிபெயர்ப்புக் கருவியும் அதை வாசிக்காது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், அல்லது பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள்.

வட்ஸ்அப்பில் பெருவிரல் உயர்த்துகிற படம், கைகூப்புகிற படம் எல்லாம் நமக்குள் சரி. முதல் தடவை கதைக்கிறவருக்குச் சொல்லால் பதில் எழுதுங்கள். ஒப்பந்தம், பணம், திகதி மூன்றையும் குரல்பதிவில் விடாமல் எழுத்தில் வையுங்கள்.

படி 8: கொழும்புக்கு எழுதும்போது

அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது, 1988 இன் 16 ஆம் திருத்தம் நிர்வாகத்தில் அதன் பாவனையை விரிவாக வகுத்தது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். நடைமுறையில், அவசரமான விஷயம் என்றால் தமிழ்க் கடிதத்தோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அரைப் பக்கச் சுருக்கம் ஒன்றை இணைத்தால் மேசையில் கிடக்காது. வவுனியாவில் சிங்களம் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் கிடைத்தால் அவரிடம் காட்டுங்கள். இணைப்பில் "தமிழ்க் கடிதமே மூலம்" என்று ஒரு வரி இருக்கட்டும்.

சிங்கள அலுவலரின் பெயரில் முன்னால் உள்ள எழுத்துகள் எங்களுடையதைப் போலத் தகப்பன் பெயருக்கு மட்டும் உரியவை அல்ல, வம்சப் பெயரும் சொந்தப் பெயர்களும் அதில் சுருங்கியிருக்கும். கடைசியில் வருகிற பெயரோடு திரு, திருமதி போட்டு அழைத்தால் சரி.

தகவல் தேவை என்றால், 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். "எங்கள் ஊர் வீதி ஏன் திருத்தப்படவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் வராது. "2024 இல் இந்த வீதிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, ஒப்பந்த ஆவணத்தின் பிரதி" என்று கேட்டால் அது தகவல்.

பதில் வராவிட்டால், புதுக் கடிதம் தொடங்காமல் பழைய மடலுக்குக் கீழேயே தொடருங்கள். முதல் மடலின் திகதியைச் சொல்லி, கேட்டதை ஒரே வரியில் மறுபடி எழுதி, எந்த நாளுக்குள் பதில் தேவை என்று போடுங்கள். "ஏன் பதில் இல்லை?" என்ற வரி வேண்டாம். தபாலில் போகிற கடிதம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கோப்பில் ஒட்டி, பக்கத்தில் திகதியை எழுதி வையுங்கள்.